மலையடிவாரத்தில் ஒரு மார்கழி நடை

(பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்காகத் திருவண்ணாமலையில் நடந்த பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறார்கள். விடியற்காலைப் பற்றிப் பேச வந்தவளுக்கு இது கொஞ்சம் கடினமான நேரம்தான். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஊர் திருவண்ணாமலைக்கு மேற்கே, செங்கம் சாலையிலிருந்து உள்ளே போனால் வரும். பள்ளி வாசலில் நின்றால் கிழக்கே அண்ணாமலை தெரியும். மேற்கே, வானம் தெளிவாக இருக்கிற நாளில், ஜவ்வாது மலைத்தொடர் ஒரு நீலக்கோடு போலத் தெரியும். நடுவில் இருப்பது பாறையும் முட்புதரும், மழை பெய்தால் மட்டும் பச்சை காட்டும் மேய்ச்சல் நிலமும், ஓர் ஏரியும். நம் மாவட்டத்தில் பாதி ஊர்கள் இப்படித்தான் இருக்கும். பார்க்க ஒன்றுமில்லாத இடம் என்று நாமே சொல்லிக்கொள்கிற நிலம்.

2022 டிசம்பரிலிருந்து மார்கழி, தை மாதங்களில் சனிக்கிழமை தோறும் 6, 7, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு இந்த நிலத்தில் நடந்து வருகிறோம். காலை 5:45க்குப் பள்ளி வாசல், 8:30க்கு வீடு. மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்கூட இருக்காது. எப்படிச் செய்கிறீர்கள் என்று பல ஆசிரியர்கள் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதோடு, இந்த நடையால் எங்கள் ஊரில் எழுந்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஏன் மார்கழி? கோடையில் எங்கள் பக்கம் ஏழரை மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும், இரவு வானம் தெளிந்திருக்கும். மேகப் போர்வை இல்லாத இரவில் தரையின் வெப்பம் வேகமாக வெளியேறிவிடுவதால் பனி இறங்கும். பனித்துளி எப்படி உருவாகிறது என்ற பாடத்தைப் பாடநூலில் படிப்பதற்கும், எருக்க இலையில் விரலால் தொட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றும் அடங்கியிருக்கும். அதனால் ஒலி வெகுதூரம் போகும். விடியலில் பறவைகள் அதிகம் கூவுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. வெளிச்சம் போதாமல் இரை தேட முடியாத நேரத்தை, இது என் இடம் என்று அறிவிக்கப் பயன்படுத்திக்கொள்கின்றன.

எல்லாவற்றையும்விட, வலசைப் பறவைகள் இருக்கும் காலம் இது. வடக்கிலிருந்து வந்தவை புரட்டாசி, ஐப்பசியில் இறங்கி, பங்குனி, சித்திரை வரை நம்மோடு தங்குகின்றன. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரிக்கும் சோளப்பட்சிகள், இன்னும் வடகிழக்கே சைபீரியப் பக்கத்திலிருந்து வரும் பழுப்புக் கீச்சான், புல்வெளிக்கு மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும் பூனைப்பருந்துகள், எல்லாம் பாஸ்போர்ட் இல்லாமல் நம் ஊர் வேலிமுள்ளில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. உலக வரைபடத்தை வகுப்பில் விரித்து, வேலிமுள்ளில் பார்த்த பறவை எங்கிருந்து புறப்பட்டது என்று விரலால் கோடு இழுக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் நடையில் ஒரு விசேஷம் உண்டு, அது மலை தந்த விசேஷம். அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். எங்கள் தரையிலிருந்து பார்த்தால் 600 மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கிறது. மார்கழியில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் உதிக்கிறது. அதனால் நாட்காட்டியில் போட்டிருக்கும் சூரிய உதய நேரம் எங்களுக்குப் பொருந்தாது. அதற்கு மேல் அரைமணி நேரமாவது நாங்கள் மலையின் நிழலில் இருப்போம். முதலில் ஜவ்வாது மலையில் வெயில் படும். பிறகு தொலைவில் உள்ள வயல்கள், பிறகு ஏரியின் மேற்குக்கரை, பிறகு பனைமரங்கள் என்று அந்த ஒளி எங்களை நோக்கி நகர்ந்து வரும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், நம்ம ஊர்ல மட்டும் வெயிலு மேற்கால இருந்து வருது." நிழலும் ஒளியும் பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குக் கிடைத்ததில்லை. நிழல் விளிம்பு ஒரு பனையிலிருந்து அடுத்த பனைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்தார்கள். திங்கட்கிழமை கணக்கு சார் அதை வரைபடமாகப் போட வைத்தார்.

இந்த நிழல் விளிம்போடு பறவைகளும் நகர்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததும் பிள்ளைகள்தான். வெயில் பட்ட மின்கம்பியில்தான் பச்சைப் பஞ்சுருட்டான்கள் முதலில் வரிசையாக உட்காரும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. பூச்சிகள் சூடேறிப் பறக்கத் தொடங்கினால்தானே அவற்றுக்கு வேலை? நிழலில் இருக்கும் கம்பி காலியாகக் கிடக்கும். கழுகு, பருந்து வகைகள் இன்னும் சோம்பேறிகள். பாறை சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று எழும்பத் தொடங்கிய பிறகுதான் வட்டமிட வரும். அதற்குள் நாங்கள் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

சரி, நடை எப்படி நடக்கிறது? ஏரிக்கரையில் தொடங்குவோம். அங்கே வாலாட்டிகள், மீன்கொத்தி, நீர்க்காகம், உண்ணிக்கொக்கு. இதில் அதிக நேரம் செலவழிக்க மாட்டோம். நீர்ப்பறவைகளை எல்லோரும் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கரையிலிருந்து இறங்கியதும் முட்காடு தொடங்கும். எங்கள் நடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சூரை, காரை, கிளுவை, ஆவாரை, விராலி, சதுரக்கள்ளி. ஆள் உயரத்துக்கு மேல் அதிகம் போகாத செடிகள். இலை சிறுத்து, தடித்து, சில இடங்களில் முள்ளாகவே மாறி, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றவை. அவற்றின் நடுவே கருஞ்சிட்டு பாறைக்குப் பாறை வாலைத் தூக்கிக்கொண்டு தாவும். ஆண் கறுப்பு, தோளில் வெள்ளைக் கீற்று, வாலுக்கடியில் செங்கல் நிறம். கௌதாரி முதலில் சத்தமாகத்தான் வரும், உருவம் பிறகு. புதருக்குள்ளிருந்து கூட்டமாகக் கத்திக்கொண்டு தவிட்டுக்குருவிகள். பனைமரத்து மொட்டைத் தலையில் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது சாதாரணப் பழுப்புப் பறவை, பறந்தால் நீலத்தில் இரண்டு வகையை விரித்துக் காட்டும். எத்தனை முறை பார்த்தாலும் பிள்ளைகள் "ஆ!" என்று சொல்வதை நிறுத்தவில்லை. அமைதியாக இருங்கள் என்று நானும் அந்த இடத்தில் சொல்வதில்லை.

முட்காட்டைத் தாண்டி ஒரு பாறைமேடு. அங்கே பத்து நிமிடம் உட்காருவோம். யாரும் பேசக்கூடாது. காதில் விழுகிற ஒலிகளை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். பறவைச் சத்தம் மட்டுமில்லை, எல்லாம். நாய், பால்வண்டி, கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை, பம்புசெட், யாரோ இருமுவது.

இந்தப் பயிற்சிக்கு எனக்கு வழிகாட்டி நம் மாவட்டத்துப் பழைய இலக்கியம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடியது. 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார். அந்த நூலின் பெயரே மலையில் பிறக்கும் ஓசைகளைக் குறித்தது. மலைக்குள் போகிறவன் காதில் என்னென்ன ஒலி விழும் என்று அருவியிலிருந்து உலக்கை வரை அடுக்கிக்கொண்டே போகிறார் புலவர். அதோடு அது ஒரு வழிகாட்டி நூலும்கூட. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே, வழுக்கும் இடம் எது, புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது என்றெல்லாம் முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்கிறார். அதில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று அடையாளம் காட்டுகிறார்கள். நாம் கல்விச் சுற்றுலாவுக்கு வண்டி பிடித்து எங்கெங்கோ போகிறோம். இரண்டாயிரம் ஆண்டு நெருங்கும் ஒரு மலைநடைக் கையேடு நம் மாவட்டத்துக்கென்றே எழுதப்பட்டிருக்கிறது. தமிழாசிரியர்கள் இந்த நடையில் கட்டாயம் வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பெயர்களைப் பற்றியும் தமிழாசிரியர்களோடு பேச நிறைய இருக்கிறது. கரிச்சானை எங்கள் ஊரில் ரெட்டைவால் குருவி என்கிறார்கள். வேறு ஊரில் வலியன். செம்போத்து இன்னொரு பக்கம் செண்பகம். க. ரத்னம் போன்றவர்கள் இப்படிப்பட்ட பெயர்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார்கள். நாங்கள் எங்கள் நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறோம். நூலில் உள்ள பெயர், எங்கள் ஊர்ப்பெயர், பெயரைச் சொன்னவர் யார் என்று. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் பாட்டிகளும் ஆடு மேய்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். 2022இல் ஆறாம் வகுப்பு. வீட்டில் ஆடுகள். பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, கவட்டை இருக்கும். தமிழ் வாசிப்பு தட்டுத் தடுமாறித்தான். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஏரிக்கரை மரங்களுக்கடியில் இரண்டே சுரத்தில் ஒரு விசில் கேட்டது. நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவன், "அது ஆறு மணிக்கு ஒருவாட்டி கத்தும் டீச்சர். சாயங்காலமும் ஆறு மணிக்குக் கத்தும். கீழ பாருங்க, மேல பாக்காதீங்க" என்றான். சருகுக்குள் குட்டை வாலோடு, பச்சையும் நீலமும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பறவை தத்திக்கொண்டிருந்தது. ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருவது. இரவில் பயணம் செய்து களைத்துச் சில நேரம் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். பையன் அது எதையும் படித்ததில்லை. ஆனால் அது எந்தச் சருகில் புழு தேடும் என்று அவனுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவன்தான் எங்கள் முன்நடப்பவன். கவட்டையைப் பறிமுதல் செய்யவில்லை. முன்னால் நடப்பவன் கையில் நோட்டும் பென்சிலும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். இரண்டு கையும் நிறைந்துவிட்டது. எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும், "கவுதாரி", "மைநா" என்று எழுதத் தொடங்கினான். திருத்தாமல் விட்டேன். பறவைக் கையேட்டில் தானே தேடிப் பார்த்துத் திருத்திக்கொண்டான். ஒரு பறவை பெரிய படிப்பாளியை உருவாக்கிவிட்டது என்று கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது ஒரு பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தான்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

பள்ளிக்குத் தெற்கே ஏறக்குறைய நான்கு ஏக்கர் புறம்போக்கு. கல்லும் கட்டாந்தரையுமாக இருக்கும். புல்லும் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான். ஊரில் அதைத் தரிசு என்பார்கள். அரசு ஆவணங்களின் மொழியும் அதுதான். நம் நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000 முதல் பல பதிப்புகள் வந்திருக்கிறது. புதர்க்காடுகள் அதில் தரிசுநில வகைகளில் ஒன்றாகவே கணக்கில் வருகின்றன. வரி கட்டாத நிலம் வீண்நிலம் என்ற வெள்ளைக்காரர் காலத்து எண்ணம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் இலக்கியம் வேறு மாதிரிப் பார்த்தது. பாலையை ஐந்து திணைகளில் ஒன்றாக வைத்தது. சிலப்பதிகாரம் அதைத் தனி நிலமாகக்கூடச் சொல்லவில்லை, மற்ற நிலங்கள் வறட்சியில் கொள்ளும் வடிவம் என்கிறது. பாலைக்கென்று மரமும் பறவையும் ஒழுக்கமும் வகுத்தார்கள். வீண் என்று யாரும் ஒதுக்கவில்லை.

அந்த நான்கு ஏக்கரில் 2023 ஏப்ரலில் பிள்ளைகள் ஒரு கூட்டைக் கண்டார்கள். கூடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிச் சில கூழாங்கற்கள், நான்கு முட்டை. முட்டையும் தரையும் ஒரே நிறம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. ஏரியோரம் நாம் அடிக்கடி பார்ப்பது சிவப்பு மூக்கு ஆள்காட்டி. இது அதன் உறவு, ஆனால் வறண்ட நிலத்தை விரும்புவது. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே வாழ்வது. கோடை உச்சத்தில், நிழலே இல்லாத இடத்தில் முட்டை வைக்கும். பெற்றோர் இரண்டும் மாறி மாறி நின்று முட்டைக்கு நிழல் கொடுக்கும். வெயில் தாங்காதபோது தண்ணீரில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். ஏன் மரத்தடியில் வைக்கக்கூடாது என்று கேட்டார்கள் பிள்ளைகள். பதிலையும் அவர்களே இரண்டு வாரம் பார்த்துச் சொன்னார்கள். மரம் இருந்தால் காக்கை உட்காரும், காக்கை உட்கார்ந்தால் முட்டை போய்விடும். வெட்டவெளியாக இருந்தால் கீரி வருவதும் நாய் வருவதும் தூரத்திலேயே தெரியும். மறைவே இல்லாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. 2024 ஏப்ரலில் மூன்று கூடுகள். எல்லாம் தள்ளி நின்று பார்த்து, தேதி போட்டு, படம் வரைந்து நோட்டில் இருக்கிறது.

பிறகு அந்த மழை வந்தது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையின் நகரத்துப் பக்கச் சரிவில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டின் மேல் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். உங்களில் பலருக்கு அந்த நாட்கள் என்னைவிட நெருக்கமாகத் தெரியும். எங்கள் பக்கத்திலிருந்து அந்தச் சரிவு தெரியாது. ஆனாலும் அந்த மார்கழியில் 24 வீட்டுக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்தேன், 9 தான் கையெழுத்தோடு திரும்பி வந்தது. வற்புறுத்தவில்லை. ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து, "மலைப் பக்கம் எதுக்கும்மா இட்டுனு போற? அது இப்ப கோவமா இருக்குது" என்றார். அவருக்கு நிலவியல் விளக்கம் சொல்லும் நேரம் அது இல்லை. பாறைமேட்டுப் பக்கம் போகாமல், ஏரிக்கரையோடு திரும்பிவிடுகிறோம் என்று சொன்னேன். அந்தப் பருவம் முழுக்க அப்படியே செய்தோம். பிள்ளைகளும் மலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒருத்தி மட்டும் நோட்டில், ஒலிகளின் பட்டியலுக்குக் கீழே, "இன்று மலையிலிருந்து சத்தம் இல்லை" என்று எழுதியிருந்தாள்.

அதன் பிறகு மரம் நடும் ஆர்வம் மாவட்டமெங்கும் கூடியது இயல்புதான். வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மை. அண்ணாமலைச் சரிவுகளுக்கு மரம் தேவை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஒரு காலத்தில் காடாக இருந்து மொட்டையான மலை அது. 1980களில் தொடங்கி இங்கே பலர் சேர்ந்து மரம் வைத்து, கோடையில் புல் பற்றி எரியும்போது தீயணைத்து, தீத்தடுப்புக் கோடு வெட்டித்தான் இன்று பார்க்கும் பசுமை வந்தது. அந்த உழைப்பைப் பாராட்டாமல் யாரும் கிரிவலப் பாதையில் நடக்க முடியாது.

2025 மார்ச்சில் ஒரு தன்னார்வக் குழு எங்கள் ஊருக்கு 500 மரக்கன்று தர முன்வந்தது. நல்ல மனிதர்கள். குழி தோண்டும் செலவும் அவர்களே ஏற்பார்கள். இடம் எங்கே? பள்ளிக்குத் தெற்கே உள்ள தரிசு. ஊராட்சியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏப்ரலில் குழி, ஜூனில் கன்று.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். "டீச்சர், ஏப்ரல்லதான அது முட்டை வெக்கும்?"

ஆசிரியராக இது எளிதான இடமில்லை. மரம் நடுவோம் என்று சுவரில் எழுதியிருப்பவர்கள் நாம்தான். மரம் வேண்டாம் என்று பள்ளிப்பிள்ளைகள் சொன்னால் ஊரில் என்ன நினைப்பார்கள்? தலைமையாசிரியர் அக்காவிடம் பேசினேன். "நோட்டுல இருக்கறத மட்டும் சொல்லச் சொல்லு. நல்லது கெட்டது பேசாம, பாத்தத மட்டும் சொல்லட்டும்" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சிறந்த அறிவுரை அது.

பிள்ளைகள் முதலில் ஊராட்சிப் பொறுப்பில் இருந்தவரிடம் நோட்டைக் காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் குழி தோண்டுவதை மே மாதத்துக்குத் தள்ளி வைத்தார். அந்த ஏப்ரலில் இரண்டு கூடுகள் இருந்தன. மே 1 கிராம சபையில் மூன்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அந்தப் பையன்தான் வாசித்தான். எந்தத் தேதி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, பள்ளிக் காம்பவுண்டிலிருந்து எத்தனை அடி. கன்று வைக்க வேறு எங்கெல்லாம் இடம் இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தார்கள். ஏரிக்கரையின் வெளிப்புறம், சாலையோரம், சுடுகாட்டுப் பாதை, பள்ளி வளாகம். ஒரு பெரியவர் எழுந்து, "ரெண்டு குருவிக்காக ஊருக்கு நெழல் வேணான்றீங்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆடு மேய்ப்பவர்கள் பிள்ளைகள் பக்கம் பேசினார்கள், அவர்களுக்கு அந்த நிலம் மேய்ச்சல். பெண்கள் சிலர் விறகைப் பற்றிப் பேசினார்கள். விவாதம் பறவையைத் தாண்டி எங்கெங்கோ போய், ஒரு மணி நேரம் கழித்து முடிவுக்கு வந்தது. 320 கன்று பிள்ளைகள் சொன்ன இடங்களில். மீதி 180, அந்த நிலத்தின் மேற்கு விளிம்பில். கன்று தந்த குழுவினர் முகம் சுளிக்கவில்லை. எங்கள் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

180 கன்றில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. மூன்று நான்கு ஆண்டில் காக்கை உட்காரும் உயரம் வந்துவிடும். மீதி வெட்டவெளி ஆள்காட்டிக்குப் போதுமா என்பது வரும் கோடையில் தெரியத் தொடங்கும். பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறபோது பார்த்துவிட்டு வந்து தகவல் சொல்கிறான்.

நடைமுறைச் செய்திகள் சில, பிறகு முடித்துக்கொள்கிறேன்.

மலை காப்புக்காடு. சரிவில் ஏறுவதாக இருந்தால் வனத்துறை அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாமல் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். அடிவாரமும் ஏரிக்கரையும் தாராளமாகப் போதும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி, இருபது பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர், கூட ஒரு பெற்றோர். சூரை முள் செருப்பைத் துளைக்கும், ஷூ இல்லாத பிள்ளைக்கு நாங்கள் நன்கொடையில் வாங்கி வைத்திருக்கிறோம். கையில் குச்சி வைத்துப் புதரைத் தட்டாதீர்கள். பாதையை விட்டு இறங்காமல் இருப்பதுதான் பாம்புக்கும் நமக்கும் நல்லது. வெள்ளைச் சட்டை வேண்டாம். மூட்டை கட்டிக்கொண்டு சுண்டல் எடுத்துப் போங்கள், பசித்த பிள்ளை பறவை பார்க்காது. இருநோக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை வைத்துச் சண்டைதான் அதிகம், கண்ணும் காதும் போதும். கூட்டைக் கண்டால் பத்தடி தள்ளி நின்று, ஒரு நிமிடத்தில் நகர்ந்துவிட வேண்டும். கூட்டைப் படம் எடுக்கக் கூடாது, வரையலாம்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணி, இபேர்ட் தளத்தில் பதிவேற்ற வேண்டும். காகத்தையும் எண்ண வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் பள்ளிப் பட்டியலில் இதுவரை 61 வகை. உங்கள் பள்ளியும் வந்தால் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் மட்டுமில்லாமல் போளூர், ஆரணி, செய்யாறு பக்கமும் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

வரும் சனிக்கிழமை நடைக்கு ஆறு ஆசிரியர்கள்வரை எங்களோடு வரலாம். விருப்பமுள்ளவர்கள் பெயரை வெளியே மேசையில் உள்ள தாளில் எழுதுங்கள். 5:45 என்றால் 5:45, பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், மலை நிழலில் வெயில் வர நேரமாகும்.